மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்த சர்வர்

பழைய பொருள் பழுதானால் என்ன செய்வோம்? காயலான் கடையில் போட்டுவிடுவோம். ஆனால், எந்த இயந்திரம் கைக்கு வந்தாலும் அதைக் கழற்றிப் பார்த்தே உலகப் புகழ் பெற்ற தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜி.டி.நாயுடு!

கோவை அருகே கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

300 ரூபாய்

ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! துரைசாமிக்குத் தூக்கம் போயிற்று.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் ஆனார். காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார்! திரும்ப மாட்ட முடியாவிட்டால், எச்சில் இலை எடுத்துச் சேர்த்த பணம் அத்தனையும் வெறும் இரும்புத் துண்டுகள்தான்.

ஆனால், மாட்டினார். வண்டி ஓடியது. அதுவே அவருக்குக் கல்லூரி.

பழனி பஸ்

பிறகு பருத்தி வியாபாரம் செய்தார். பம்பாயில் பெரும் நஷ்டம். கையில் மிஞ்சியது இயந்திர அறிவு ஒன்றுதான். கோவை தொழில் அதிபர் ஸ்டேன்ஸ் துரை உதவினார்.

1920-ல், பொள்ளாச்சிக்கும் இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அவரே டிரைவர்! அந்த ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். சின்னஞ்சிறு மோட்டாரைப் பாட்டரியில் ஓடவிட்டு, சவரக் கத்தி செய்தார். 1941-ல், 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ தர முடியும் என்று காட்டினார்.

உடைத்த கை

வரிகள் அவரை வாட்டின. 1950-களில், தம் கண்டுபிடிப்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். கழற்றினால் மாட்டாமல் விடாத கை அது. அந்தக் கையே உடைத்தது என்றால், மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலை, அவரை இன்றும் நினைவூட்டுகிறது.

வீட்டில் பையன் பழைய ரேடியோவைக் கழற்றினால், உடனே அடிக்காதீர்கள். திரும்ப மாட்டுகிறானா என்று பாருங்கள்!