சிப்பி ஓடுகளைப் படித்த பேரறிஞர்

ஆற்றங்கரையில் சிப்பி ஓடுகள் கிடந்தால் நாம் என்ன செய்வோம்? அழகானவற்றைப் பொறுக்கிக்கொண்டு, மற்றவற்றை மிதித்துச் செல்வோம். ஆனால், அந்த ஓடுகளின் முன் குனிந்து, இவற்றை இங்கே குவித்தவர் யார் என்று ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்ட அப்பெரியாரின் வாழ்வைச் சிறிது காண்போம்.

தோரோ 1817ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கன்கார்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பென்சில் செய்து விற்று வந்தவர். 1837இல் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற தோரோ, சொந்த ஊரிலேயே ஆசிரியரானார். மாணவர்களை அடித்துத் திருத்தவேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தவே, சில வாரங்களிலேயே அவ்வேலையை உதறினார். பின்னர் அண்ணன் ஜானுடன் சேர்ந்து, பிரம்பில்லாத பள்ளி ஒன்றை நடத்தினார். காடும் ஆறும் அப்பிள்ளைகளுக்கு வகுப்பறைகளாயின.

1839இல் அண்ணனும் தம்பியும் தாங்களே செய்த படகில் கன்கார்ட், மெரிமாக் ஆறுகளில் பயணம் சென்றனர். அந்த இன்பம் நீடிக்கவில்லை. 1842 ஜனவரியில் சவரக் கத்தி கீறிய சிறு காயத்தால் இசிவு நோய் கண்டு ஜான் மறைந்தார். தோரோ நொறுங்கிப் போனார். அவ்வாண்டே அவர் எழுதி வெளிவந்த இயற்கைக் கட்டுரை ஒன்றில்தான் நம் சிப்பி ஓடுகள் வருகின்றன.

கன்கார்ட் ஆற்றில் மஸ்க்ராட் என்னும் நீரெலி வாழ்கிறது. இது நம் வீட்டு மூஞ்சூறு அன்று. தட்டையான வாலைத் துடுப்புப்போல் அசைத்து நீந்தும் பிராணி. பெரும்பாலும் நீர்ச்செடிகளைத் தின்னும். ஆயினும் ஆற்றின் அடியில் மூழ்கிச் சிப்பிகளைப் பற்றி வந்து, ஒரே இடத்தில் அமர்ந்து தின்று, ஓடுகளைக் குவித்துவிடும். பாறைகள்மேலும் மரக்கட்டைகள்மேலும் அவ்வாறு கிடந்த ஓடுகளைத் தோரோ கண்டார். அதே சிப்பியின் ஓடுகள், ஆற்றுக்கு 30 அடி உயரத்தில், மண்ணுள் ஓரடி ஆழம்வரை சாம்பலோடு கலந்து கிடப்பதையும் குறித்தார். அவை அந்நாட்டுப் பழங்குடி மக்கள் உண்டு எறிந்தவை. எலியின் குவியல் ஒன்று, மனிதனின் குவியல் ஒன்று. இரண்டும் ஒரே ஆற்றின் கொடை.

நீரெலியைச் சிப்பித் திருடன் என்று அவர் இகழவில்லை. பொறியில் அகப்பட்டால், தன் காலையே கடித்துத் துண்டித்துக்கொண்டு விடுதலை பெறும் அதன் துணிவை வியந்தார். அவருக்கும் அத்துணிவு இருந்தது. அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி கொடேன் என்று மறுத்து, 1846இல் ஓரிரவு சிறையில் இருந்தார். அதன் பயனாக அவர் எழுதி 1849இல் வெளிவந்த கட்டுரையின் பகுதிகளைக் காந்தியடிகள் 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் இதழில் வெளியிட்டார்.

தோரோவின் உள்ளத்தை வருத்தியது நீரெலி அன்று. பில்லரிக்கா என்னும் இடத்தில் ஆற்றை மறித்து நின்ற அணை. கடலிலிருந்து ஏறி வந்த மீன்கள் வழியின்றித் திரும்புவதை எண்ணி அவர் மனம் நொந்தார். 1859இல், தங்கள் புல்வெளிகள் நீரில் மூழ்குவதாக முறையிட்ட உழவர்களுக்காக ஆற்றையும் பாலங்களையும் அளந்து கொடுத்தார்.

இன்று அறிவியல் ஒன்று சொல்கிறது. ஆற்றுச் சிப்பியின் குஞ்சுகள் மீன்களின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டே வளர்கின்றன. மீன் வராத இடத்தில் அவற்றைச் சார்ந்த சிப்பியும் பெருகாது. சிப்பி மிகுந்த ஆற்றில் நீரெலியின் விருந்தால் பெருங்கேடு இல்லை. அணையாலும் அழுக்காலும் சிப்பி அருகிப்போன ஆற்றிலோ, அந்த விருந்தே மிஞ்சிய சிலவற்றையும் அழித்துவிடக்கூடும். பழியை எலிமேல் போடுவது எளிது. முதலில் ஆற்றை வறுமையாக்கியவர் யார் என்பதல்லவா கேள்வி! அந்த எலி விட்டுச்சென்ற ஓடுகளை எண்ணியும், ஓர் ஆற்றில் என்னென்ன சிப்பி வகைகள் வாழ்கின்றன என்பதை ஆய்வாளர்கள் அறிகிறார்கள்.

1862ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், காசநோயால் தோரோ தம் 44ஆம் வயதில் மறைந்தார். தங்கை சோபியா அவருடைய கையெழுத்துப் படிகளைக் காத்து, நூல்கள் வெளிவரத் துணைநின்றார். அத்தங்கை இல்லையேல் நாம் இழந்தவை பல.

தோழியரே, பிறர்மேல் குற்றம் சொல்ல நாம் விரைகிறோம். தோரோவோ முதலில் குனிந்து பார்த்தார். பார்த்ததை நாள்தோறும் எழுதி வைத்தார். அடுத்த முறை கரையோரம் ஓர் ஓடு கிடந்தால், நாமும் ஒரு கணம் நின்று பார்ப்போமே!