859 ரன் குறைவா?



காலாண்டில் நான் கணக்கில் 78 மார்க். அரையாண்டில் 61 தான். வீட்டில் ஒரே திட்டு. ஆனா எங்க கணக்கு டீச்சர் வகுப்பு சராசரியை போர்டில் எழுதிப் போட்டாங்க. காலாண்டுக்கு 72, அரையாண்டுக்கு 43. அப்போ எந்தப் பரீட்சையில் நான் நல்லா எழுதினேன்? இதைக் கேட்டப்போதான் பி.டி. சார் எனக்கு விஜய் மெர்ச்சன்ட் கதையைச் சொன்னார். 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு நடக்கும் கிரிக்கெட் கோப்பைக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவர் 1911 அக்டோபர் 12-ல் மும்பையில் பிறந்தார். நம்ம ஊரில் பனியன் கம்பெனி மாதிரி அங்கே பஞ்சாலைகள். அப்படிப் பஞ்சாலை வைத்திருந்த தாக்கர்சி குடும்பம் இவருடையது. பள்ளியில் சேர்க்கும்போது அப்பாவின் தொழிலைக் கேட்டு, வியாபாரி என்பதையே ஆங்கிலத்தில் இவர் பெயரோடு எழுதிவிட்டார்களாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1933-ல் இங்கிலாந்துக்கு எதிராக மும்பையில் முதல் டெஸ்ட் ஆடினார். 1936-ல் மான்செஸ்டரில் முஷ்டாக் அலியும் இவரும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். மெர்ச்சன்ட் அடித்தது 114. அப்புறம் உலகப் போர் வந்துவிட்டது. 10 வருஷம் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டமே இல்லை. 24 வயதிலிருந்து 34 வயது வரை, நல்லா ஆட வேண்டிய வயசு அப்படியே போச்சு. 1947-ல் ஆஸ்திரேலியா போகவும் உடல்நிலை விடவில்லை. 1951-ல், 40 வயதில், டெல்லியில் 154 அடித்தார். அதே ஆட்டத்தில் ஃபீல்டிங் செய்யும்போது தோளில் அடிபட்டது. அதுதான் கடைசி டெஸ்ட்.

மொத்தம் 10 டெஸ்ட், 18 இன்னிங்ஸ், 859 ரன். இதை மட்டும் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். 18 முறையும் அவுட் ஆனதால் 859-ஐ 18-ஆல் வகுத்தேன். 47.72 வந்தது. முதல்தர ஆட்டங்களையும் சேர்த்தால் 13,470 ரன், சராசரி 71.64. இதில் 50 இருந்தாலே பெரிய ஆட்டக்காரர் என்பார்கள். நிறைய ஆட்டம் ஆடியவர்களில் இவருக்கு மேலே இருப்பவர் பிராட்மேன் ஒருவர்தான் (95.14).

அந்தக் காலத்தில் நம்ம நாட்டு மைதானங்களில் ரன் எடுப்பது சுலபம், அதனால்தான் இவ்வளவு சராசரி என்று சிலர் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கூட ஆடியவர்களையும் பார்க்கணும். அதே மைதானங்களில் ஆடிய விஜய் ஹசாரேயும் மிகப் பெரிய ஆட்டக்காரர். அவர் சராசரி 58.38. 1946-ல் இரண்டு பேரும் ஒரே அணியில் இங்கிலாந்து போனார்கள். அது மழை அதிகம் பெய்த வருஷம், பிட்ச் ஈரம். அங்கே ஹசாரே சராசரி 49.77. மெர்ச்சன்ட் 2,385 ரன் எடுத்தார், சராசரி 74.53. கஷ்டமான இடத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தது, இவருக்குக் குறையவில்லை.

ஆட்டத்தை விட்ட பிறகு தேர்வுக்குழுத் தலைவராக இருந்தார். ரேடியோவில் கிரிக்கெட் நிகழ்ச்சி நடத்தினார். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபட்டார். 1987 அக்டோபர் 27-ல் காலமானார்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். காலாண்டில் சராசரியை விட 6 அதிகம். அரையாண்டில் 18 அதிகம். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கும்போது மெர்ச்சன்ட் கதையோடு இதையும் அப்பாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்புறம் மீதி 39 மார்க் எங்கே போச்சு என்று கேட்டார். அதற்கு மெர்ச்சன்ட்டிடமும் பதில் இல்லை. முழு ஆண்டுத் தேர்வில் நான்தான் சொல்லணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சேவூர்