வேலூரின் மருத்துவத் தாய்: டாக்டர் ஐடா ஸ்கடர்

வேலூர் ஆஸ்பத்திரியை அறியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. ஊருக்குப் போகும்போது பெற்றோரை அங்கே கூட்டிச் சென்று வைத்தியம் பார்த்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அதை உருவாக்கிய அம்மையாரின் வரலாற்றை நம் பிள்ளைகளும் அறியட்டும் என்று இங்கே தருகிறோம்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி செய்தவர். குடும்பமே மிஷனரிக் குடும்பமாயினும் ஐடாவுக்கு அதில் நாட்டமில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாரைக் கவனிக்கவே திண்டிவனம் வந்திருந்தார்.

அங்கே ஓர் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி ஐடாவை வேண்டினர். டாக்டரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். ஆண் வைத்தியர் வருவதற்கு மூவருமே இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அன்றே ஐடா தம் வழியை முடிவு செய்தார்.

1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது. தாம் ஒருவரே எத்தனை உயிரைக் காக்க முடியும் என்று எண்ணியவர், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியின் படுக்கையருகே மாணவியர் தொழில் கற்றனர்.

1930-களின் பிற்பகுதியில் பெரும் சோதனை வந்தது. டிப்ளமா வகுப்புகள் போதா, பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்படிப்பே வேண்டும் என்றது சென்னை அரசு. அதற்குக் கூடுதல் படுக்கைகளும் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் தேவை. இல்லையேல் பள்ளியை மூட வேண்டியதுதான். எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்க்க இசைந்ததால் நெடுநாள் நண்பர் சிலரின் மனத்தாங்கலையும் தாங்கினார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947-இல் ஆண்களும் சேர்ந்தனர்.

1960 மே 24-ஆம் நாள் கோடைக்கானலில் அம்மையார் மறைந்தார். நம் பிள்ளைகளில் பலர் இன்று டாக்டராக விரும்புகின்றனர். படிப்பின் பயன் பட்டத்தோடு முடிவதில்லை, கற்றதைப் பிறருக்கும் கற்பிப்பதில் அது பன்மடங்காகும் என்பதை இவ்வரலாற்றைச் சொல்லி அவர்களுக்கு உணர்த்துவோமாக.