எல்லோரும் 'அப்பா' என்று அழைத்த டாக்டர்

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கால்கள் இயங்காதவர்களும் அதை ஆடுகிறார்கள், தெரியுமா? அடியில் இரண்டு இரும்புத் தகடுகள் பொருத்திய சிறிய சறுக்கு வண்டியில் அமர்ந்து, பட்டையால் தங்களைக் கட்டிக்கொள்வார்கள். இரண்டு கைகளிலும் குட்டையான மட்டைகள். மட்டையின் ஒரு முனையில் இருக்கும் கூரிய பற்களைப் பனித்தரையில் ஊன்றித் தள்ளினால் வண்டி பாயும். மறுமுனையால் வட்டமான ரப்பர் வில்லையை அடிப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், ஒரு மறுவாழ்வு மையத்தில் பிறந்த ஆட்டம் இது.

இதற்கான மிகப் பெரிய போட்டி பாராலிம்பிக்கில் நடக்கிறது. அந்தப் பாராலிம்பிக்குக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு டாக்டர். பெயர் லுட்விக் குட்மன். அவர் கதையைக் கேளுங்கள்.

1899-ம் ஆண்டு ஜூலை 3-ம் தேதி, அப்போது ஜெர்மனியில் இருந்த டோஸ்ட் என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தார். அங்கே முதுகெலும்பு முறிந்த ஓர் இளம் தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். கட்டுமஸ்தான உடம்பு. ஆனால் இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார், விவரமாகக் குறிப்பு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஒரு மருத்துவர். அப்படியே ஐந்து வாரங்களில் அந்தத் தொழிலாளி இறந்துபோனார். குட்மன் அந்த முகத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

படித்து, நரம்பியலில் பெயர் பெற்ற மருத்துவர் ஆனார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத மருத்துவர்களின் வேலை பறிபோனது. பிரெஸ்லாவ் நகரில் இருந்த யூத மருத்துவமனைக்கு மாறினார். 1938 நவம்பர் 9-ம் தேதி இரவு, நாஜிகள் யூதர்களின் வீடுகளையும் கோயில்களையும் தாக்கினார்கள். அன்றிரவு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் குட்மன். மறுநாள் ரகசியப் போலீஸார் வந்து நின்றபோது, படுக்கை படுக்கையாக அழைத்துப்போய் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார்! சேர்க்கப்பட்ட 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினார்கள். எவ்வளவு நெஞ்சுரம், பாருங்கள்.

1939-ல் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1944 பிப்ரவரியில், ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் முதுகுத்தண்டு காயமடைந்த போர்வீரர்களுக்கான சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது.

இப்படிப்பட்ட நோயாளிகளைக் கொன்றது முதுகுக் காயம் மட்டுமல்ல. அசையாமல் கிடப்பதால் வரும் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று இவையே அதிகம் கொன்றன. குட்மன் ஒரே ஒரு வேலையைக் கண்டிப்பாக்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கேட்க எளிது. செய்து பார்த்த செவிலியர்களுக்கே அதன் பாடு தெரியும். புண்கள் ஆறின. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். மரவேலையும் கடிகாரம் பழுதுபார்ப்பதும் கற்றார்கள்.

அடுத்தது விளையாட்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடி தடியால் வட்டை அடித்து ஆடும் போலோ முதலில் வந்தது. அதில் முரட்டுத்தனம் அதிகமாகிவிட்டதால் கூடைப்பந்துக்கு மாற்றினார்கள். பிறகு வில்வித்தை. கண்டிப்பான டாக்டர்தான், ஆனாலும் நோயாளிகள் அவரை 'பாப்பா' என்று அழைத்தார்கள். நம் ஊர்ப் பாப்பா அல்ல, 'அப்பா' என்று பொருள்!

1948 ஜூலை 29-ம் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் மருத்துவமனை வளாகத்தில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பெய்தார்கள். 1952-ல் நெதர்லாந்து வீரர்களும் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டி ஆனது. 1960-ல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கலந்துகொண்டார்கள். அதுவே முதல் பாராலிம்பிக் என்று பின்னாளில் பெயர் பெற்றது. தங்கிய கட்டடங்களில் சாய்தளம் இல்லை. ராணுவ வீரர்கள் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள்.

1966-ல் குட்மனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1976-ல் முதல் குளிர்காலப் பாராலிம்பிக் சுவீடனில் நடந்தது. 1980 மார்ச் 18-ம் தேதி அவர் காலமானார். சறுக்கு வண்டி ஹாக்கி பாராலிம்பிக்கில் சேர்ந்தது அதற்குப் பிறகு, 1994-ல், நார்வேயின் லில்லஹாமர் நகரில்தான். முதல் தங்கப் பதக்கம், அந்த ஆட்டம் பிறந்த சுவீடனுக்கே போனது.