கொல்லர் மகன் சுற்றிய வளையம், இன்று நம் வீட்டுக் காவலன்

வீட்டு மின்பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். வரிசையாக நிற்கும் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் சற்றுப் பெரிய சுவிட்சு ஒன்றும், அதில் ஒரு சிறு பொத்தானும் இருக்கும். மின்கசிவுத் துண்டிப்பான் எனப்படும் அதைத்தான் நாம் இ.எல்.சி.பி. என்கிறோம். நம்மில் பலர் அந்தப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியிருக்க மாட்டோம்.

அந்தச் சுவிட்சுக்குள் ஒரு காந்த வளையமும் கம்பிச் சுருள்களும் உள்ளன. அது வேலை செய்யும் விதியை 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை

ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் மாநகரின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். 1801-இல் விலைவாசி ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. பள்ளியில் எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு படிப்பு நின்றுவிட்டது.

13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே நூல் கட்டும் தொழில் பழகத் தொடங்கினார். கட்டுவதற்கு வந்த நூல்களை வேலை முடிந்ததும் படித்தார். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. கையிலிருந்த சில்லறைக் காசில் சிறு மின்கருவி செய்து பார்த்தார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், அறிவியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார. கேட்டவற்றையெல்லாம் ஃபாரடே எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1831 ஆகஸ்டு 29

அன்று ஃபாரடே ஆறு அங்குல அகலமுள்ள இரும்பு வளையத்தை எடுத்து, அதன் இரு பக்கமும் செம்புக் கம்பியைச் சுற்றினார். இன்றுபோல் பிளாஸ்டிக் உறையிட்ட வயர் அன்று ஏது? சுற்றுக்குச் சுற்று நூலையும் துணியையும் இடையில் வைத்துக் கட்டினார். ஒரு பக்கக் கம்பியை பேட்டரியில் இணைத்த கணத்தில், மறுபக்கத்துக் கம்பி அருகே இருந்த காந்த ஊசி அசைந்தது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

காந்தத்தின் நிலை மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்பதே அதன் பொருள். மின்நிலையத்தில் சுழலும் இயந்திரமும், மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டுக்குக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரும் இந்த விதியால்தான் இயங்குகின்றன.

இ.எல்.சி.பி.க்குள்ளும் அதே விதிதான். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே வளையத்தின் வழியே செல்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பழுதான வாட்டர் ஹீட்டரையோ பாசி படிந்த வாஷிங் மெஷினையோ ஒருவர் தொட, மின்சாரம் அவர் உடல்வழியே தரைக்குப் பாய்ந்தால் கணக்கு இடிக்கும். உடனே வளையத்தில் உள்ள மற்றொரு சுருளில் மின்சாரம் பிறந்து, கண் இமைப்பதற்குள் சுவிட்சைக் கீழே தள்ளிவிடும்.

சாதாரண ஃபியூஸ் இந்த வேலையைச் செய்யாது. பிளக்கில் உள்ள ஃபியூஸ் 13 ஆம்பியர் வரை தாங்கும். அது வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கத்தான். மனித உயிருக்கோ ஓர் ஆம்பியரில் சிறு பங்கே ஆபத்து. அதனால்தான் ஆட்களைக் காக்கும் இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிறது. ஈரம் மிகுந்த குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர்.

நம் மண்ணின் மரப்பால்

மின்சாரத்தை ஓடவிட வழி கண்ட ஃபாரடே, அதை வெளியே கசியவிடாமல் தடுக்கும் பொருளையும் ஆராய்ந்தார். மலாயாக் காட்டு மரத்தின் பாலான கெட்டா பெர்ச்சா 1840-களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போனது. அது மின்சாரத்தை நன்கு தடுக்கிறது என்று 1848-இல் ஃபாரடே எழுதினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையானது. பிற்காலத்தில் வீட்டு வயர்களுக்கு ரப்பர் உறை வந்தது. தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய பாலுக்கும் அதில் பங்குண்டு.

சர் பட்டம் வேண்டாம் என்றார் ஃபாரடே. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் மறுத்தார். போருக்கு நச்சு வாயு தயாரிக்க உதவ முடியாது என்று அரசாங்கத்திடமே சொன்னார். 1867 ஆகஸ்டு 25-இல் மறைந்தார். மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமாக விரும்பாத அவருக்கு, ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறையே உள்ளது.

அவர் தந்த காவல் நம் வீட்டில் விழித்திருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்சு உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்பது, காவலனை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். எங்கோ கசிவு இருப்பதால்தான் அது விழுகிறது.

இன்று மாலை விளக்கைப் போடும் முன், ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.