முதல் லேண்டிங்கிலேயே விமானத்தை உடைத்த மாணவர்... வானத்தையே மிரட்டிய 'ரெட் பாரன்' ஆனது எப்படி?

1915 அக்டோபர் 10. முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். 23 வயது ஜெர்மன் ராணுவ அதிகாரி ஒருவர் முதல்முறையாகத் தனியாக விமானம் ஓட்டினார். மேலே ஏறியதில் பிரச்னை இல்லை. ஒரு ரவுண்டு அடித்ததிலும் பிரச்னை இல்லை. இறங்கும்போதுதான் சொதப்பல். பயிற்சி விமானம் தரையில் மோதி உடைந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த மாணவர்தான் மான்ஃப்ரெட் வான் ரிக்தோஃபென். உலகம் 'ரெட் பாரன்' என்று அழைக்கும் போர் விமானி. ஸ்னூப்பி கார்ட்டூன் பார்த்தவர்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

குதிரையிலிருந்து விமானத்துக்கு

1892 மே 2-ல் பிறந்தவர். சொந்த ஊர் பிரெஸ்லாவ், இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃப். குதிரைப்படையில் சேர்ந்தார். பதுங்குகுழிப் போர் தொடங்கியதும் குதிரைக்கு வேலையே இல்லாமல் போச்சு. சும்மா இருக்கப் பிடிக்காமல் 1915-ல் விமானப் பிரிவுக்கு மாறினார். ஆனால் விமானியாக அல்ல. கூடவே உட்கார்ந்து எதிரி நடமாட்டத்தைக் கவனிக்கிற வேலை.

அந்த ஆண்டு ரயில் பயணம் ஒன்றில் ஓஸ்வால்ட் போல்க்கேவைச் சந்தித்தார். அப்போதே பெயர் வாங்கியிருந்த போர் விமானி அவர். நாமே விமானத்தை ஓட்டினால்தான் சரிப்படும் என்று ரிக்தோஃபெனுக்குத் தோன்றியது அதன்பிறகுதான். நண்பரும் விமானியுமான கெயார்க் ஸாய்மர் கற்றுக்கொடுக்க முன்வந்தார். சுமார் 25 முறை சேர்ந்து பறந்த பிறகு, ஒரு நாள் மாலை, இனி தனியாகப் போ என்று சொல்லிவிட்டார் ஸாய்மர். அதன் முடிவைத்தான் மேலே பார்த்தோம்.

லேண்டிங் ஏன் இவ்வளவு கஷ்டம்?

அன்றைய விமானம் என்பது மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பிகள், அவ்வளவுதான். சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. இறங்கும்போது இன்ஜின் வேகத்தைக் குறைத்து, சரிவாக வந்து, தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். சீக்கிரம் தூக்கினால் வேகம் செத்து, விமானம் பொத்தென்று விழும். லேட்டாகத் தூக்கினால் தரையில் அடித்துத் துள்ளும். அந்த உயரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும், வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, பயிற்சியாளர் இறங்கிவிட்டால் ஒரு ஆள் எடை குறைகிறது. 25 முறை பழகின விமானமே கையில் வேறுமாதிரி நடந்துகொள்ளும். இன்றைய சிறிய பயிற்சி விமானங்களிலும் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினார். இந்த முறை சரியாக இறங்கியது. ஆனாலும் அடுத்து வந்த தேர்வில் ஃபெயில். பெர்லின் பக்கம் டோபெரிட்ஸில் மேலும் பயிற்சி எடுத்து, 1915 கிறிஸ்துமஸ் அன்று கடைசித் தேர்வில் தேறினார். பிறவித் திறமை என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டரை மாதத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்!

1916-ல் போல்க்கே தன் புதிய படைக்கு ஆள் தேடியபோது ரிக்தோஃபெனையும் எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 17-ல் முதல் வெற்றி. அடுத்த ஜனவரியில் தனிப் படைக்கே தலைமை, விமானத்துக்குச் சிவப்பு பெயின்ட். 1917 ஏப்ரல் 29 அன்று மட்டும் 4 விமானங்கள். மொத்தக் கணக்கு 80. ஒவ்வொன்றிலும் ஒருவரோ இருவரோ இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கண் தெரியாமல் ஒரு லேண்டிங்

1917 ஜூலை 6. தலையில் குண்டு உரசியது. சில நொடிகள் கண் தெரியவில்லை, கைகால் அசையவில்லை. விமானம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பார்வை திரும்பியதும் சமாளித்து ஒரு வயலில் இறக்கிவிட்டார். உயிர் பிழைத்தது அந்த லேண்டிங்கால்தான். காயம் முழுசாக ஆறும் முன்பே மறுபடி பறக்கப் போனார். தலைவலி கடைசிவரை விடவில்லை.

1918 ஏப்ரல் 21. பிரான்ஸின் சோம் ஆற்றருகே, எதிரி விமானம் ஒன்றைத் துரத்திக்கொண்டு மிகத் தாழ்வாகப் பறந்தார். ஒரே ஒரு குண்டு மார்பைத் துளைத்தது. சுட்டது கனடா விமானி ராய் பிரவுன் என்று அப்போது அறிவித்தார்கள். தரையிலிருந்த ஆஸ்திரேலிய வீரர்களின் குண்டாகத்தான் இருக்கும் என்பது இன்று பல ஆய்வாளர்களின் கருத்து.

குண்டு பாய்ந்த பிறகும் அந்தச் சிவப்பு மூவிறக்கை விமானம் சிதறவில்லை. பெரிய சேதமில்லாமல் ஒரு வயலில் இறங்கி நின்றது. உள்ளே இருந்தவருக்கு 26 வயதாக இன்னும் 11 நாள் இருந்தது. நினைவுப்பொருள் வேண்டும் என்று வீரர்கள் துணியையும் பாகங்களையும் பிய்த்து எடுத்ததில்தான் அந்த விமானம் உருக்குலைந்தது. மறுநாள் பெர்டாங்கிள் கிராமத்தில், எதிரிப் படையான ஆஸ்திரேலிய விமானப் பிரிவினரே ராணுவ மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள்.