நாணலுக்கும் கரும்புக்கும் மணமுடித்தவர்



பசாரில் கரும்புத் தண்ணி வாங்கிக் குடிக்கிறோம். சக்கையைத் தூக்கிப் போடுகிறோம். அந்தச் சக்கையும் பெரும்பாலும் சர்க்கரையால் ஆனதுதான் என்றால் நம்புவீர்களா? சாற்றில் குளுக்கோசும் ஃபுருக்டோசும் இரண்டிரண்டாகச் சேர்ந்து கரைந்து நிற்கின்றன, அதனால் இனிக்கிறது. நாரிலோ ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. சைலோஸ், அரபினோஸ் என்னும் வேறு சர்க்கரைகள் கொடிபோல் படர்ந்து, அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க நம் வயிற்றுக்குச் சக்தியில்லை. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்கிருமிகளுக்கு உண்டு!

இந்தச் சாறும் நாரும் சரியான அளவில் சேர்ந்த கரும்புக்காகப் பாடுபட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன். 1884-ல் பிறந்தவர். 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானிக்கு உதவியாளராக இருந்தார்.

அக்காலத்தில் வட இந்தியக் கரும்பு குச்சிபோல் மெலிந்திருக்கும். தெற்கத்திப் பருத்த கரும்பு அங்குள்ள குளிரைத் தாங்காது. இந்தியாவே ஜாவா சர்க்கரையை வாங்கித் தின்ற காலம் அது. ஆற்றோரத்தில் பேய்க்கரும்பு என்னும் நாணல் தானாக மண்டிக் கிடந்தது. நம்ம லாலாங் மாதிரிதான். நார் அதிகம், இனிப்புக் குறைவு. ஆனால் எதையும் தாங்கும்.

அந்த நாணலின் மகரந்தத்தை 'வெள்ளை' என்ற பருத்த கரும்பின் பூவில் சேர்த்தார்கள். கரும்பு விதை பஞ்சில் ஒட்டிய தூசுபோல் இருக்கும். அதைப் பொறுமையாக முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1918-ல் 'கோ 205' பிறந்தது. பஞ்சாப் வயல்களில் செழித்தது. பார்பருக்குப் பின் நிலையத்தை நடத்திய வெங்கட்ராமன், மேலும் பல ரகங்களை உண்டாக்கினார். கோயம்புத்தூர்க் கரும்பு தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவரை போனது. சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கரும்பைக் கலந்து பார்த்தவர் அவர். 1937-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், 1956-ல் பத்மபூஷண் பெற்றார், 1963-ல் மறைந்தார்.

பெற்றோர்களே! பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் இந்நாட்டுக்கு வந்ததே புரோவின்ஸ் வெல்லெஸ்லியில் கரும்பு வெட்டத்தான். கரும்பை வெட்டிய இனத்தில்தான் கரும்பை ஆராய்ந்தவரும் பிறந்தார். இன்று பரிசு வாங்காமல் வீடு திரும்பும் பிள்ளையை உதவாக்கரை என்று ஏசிவிடாதீர்கள். களையென்று ஒதுக்கிய நாணல்தான் கரும்புக்கே உரம் தந்தது.